குறைந்த பணத்தில் வண்டியை உயர்த்த: ஸ்பேசரா, ஸ்பிரிங்கா, முழு கிட்டா?

கரட்டுப் பாதைக்கென்று வண்டி வாங்கிய பலரும் சீக்கிரமே இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். வயிறு பாறையில் தட்டுகிறது. பெரிய டயர் மாட்டினால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்கார்டில் உரசுகிறது. கையில் இருக்கும் தொகையோ அளவானது. விற்பனைப் பட்டியலைப் புரட்டினால், ‘இரண்டு அங்குல உயர்வு’ என்ற ஒரே பெயரில் ஸ்பேசர் எனப்படும் நான்கு பிளாஸ்டிக் வளையங்களும் கிடைக்கின்றன, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அடங்கிய முழுப் பெட்டியும் கிடைக்கிறது. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எதை வாங்குவது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் போதவில்லை என்றால் உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாகங்களின் தரத்தில் கை வைக்காதீர்கள். முதல் ஒன்றரை, இரண்டு அங்குலம் மலிவாக வந்துவிடும். அதற்குமேல் கூடும் ஒவ்வொரு அங்குலமும் பட்டியலில் இல்லாத ஏதாவது ஒரு பாகத்தைக் கேட்கும். ஆனாலும் எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. ஸ்பேசர் போதும் என்ற நிலைமைகளும் உண்டு, ஒன்றுமே வாங்க வேண்டாம் என்ற நிலைமையும் உண்டு. அதனால் எதை வைத்து எடைபோடுவது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

## எடைபோடும் அளவுகோல்கள்

முதல் கேள்வி, உயரம் எதற்கு? இரு சக்கரங்களையும் ஒரே அச்சு இணைக்கும் வண்டியில் சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும், அச்சின் நடுவில் பருத்திருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் தரையிலிருந்து ஒரு மி.மீ. கூட எழும்பாது. அச்சைத் தூக்குவது டயர் மட்டும்தான். அதுவும் விட்டம் கூடியதில் பாதி அளவே. சுசுகி ஜிம்னியின் 195/80 ஆர்15 டயரை எடுத்துவிட்டு 235/75 ஆர்15 போட்டால் விட்டம் ஏறத்தாழ 40 மி.மீ. கூடும், டிஃபரன்ஷியல் 20 மி.மீ. எழும்பும். சஸ்பென்ஷன் உயர்வு தருவது வேறு இரண்டு. ஒன்று, பெரிய டயருக்கான இடம். மற்றொன்று, வயிற்றுக்கும் முன், பின் பம்பர்களுக்கும் கூடுதல் கோணம். முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் (வீல்பேஸ்) மூன்று மீட்டர் உள்ள வண்டியை 50 மி.மீ. உயர்த்தினால் வயிற்றுக் கோணம் மூன்று நான்கு டிகிரிதான் கூடும். மேட்டு முகட்டில் வயிறு மாட்டிக்கொள்வதா இல்லையா என்பதை இந்த மூன்று நான்கு டிகிரி தீர்மானிக்கும் இடங்கள் உண்டு. ஆனால் உங்கள் வண்டி மாட்டிக்கொள்வது டிஃபரன்ஷியலில் என்றால், நீங்கள் வாங்க வேண்டியது டயர்.

இரண்டாவது, வண்டியின் மேல் எப்போதும் இருக்கும் எடை. இரும்பு பம்பர், மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் வின்ச், கூரைத் தட்டு, இரண்டாவது பேட்டரி, பின்னால் பெட்டிகள் என்று சேர்த்துக்கொண்டே போனால் ஸ்பிரிங்கின் தேவை முற்றிலும் மாறிவிடும். வார இறுதிப் பயணத்துக்கு மட்டும் ஏற்றும் சுமையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். எப்போதும் இறக்காமல் இருப்பதை மட்டும் எழுதி, கூட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, முன்புறம் முழு அச்சா, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் தனிச் சஸ்பென்ஷனா? ஜீப் ரேங்ளரும் ஜிம்னியும் லேண்ட் குரூசர் 80-உம் முழு அச்சு வகை. இக்காலத்து பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை தனிச் சஸ்பென்ஷன் வகை. முதல் வகையில் உயரத்தைக் கூட்டுவது சுலபம், ஸ்டியரிங் கோணங்களைச் சரிசெய்வது வேலை. இரண்டாவது வகையில் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்ட்டின் வளைவும், ஆர்மின் முனையில் உள்ள உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டின் எல்லையும் சேர்ந்து உயரத்துக்கு ஒரு கூரை போட்டுவிடும்.

நான்காவது, சக்கரத்தின் ஓட்டம். வண்டி நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே எவ்வளவு போகிறது, கீழே எவ்வளவு தொங்குகிறது என்ற இரண்டு அளவும் முக்கியம். கரட்டுப் பாதையில் இழுவையைத் தருவது, தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் சக்கரம். உயரம் கூடி ஓட்டம் குறைந்த வண்டி, படத்தில் கம்பீரமாக நிற்கும். பள்ளத்தில் ஒரு சக்கரத்தைக் காற்றில் தூக்கிக்கொண்டு சுழலும்.

ஐந்தாவது, சங்கிலியாக வரும் செலவுகள். ஆறாவது, இன்று வாங்குவது நாளைய கட்டத்துக்கும் பயன்படுமா என்பது. சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்குபவருக்கு இந்த ஆறாவது அளவுகோல்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது என்பேன்.

## பணத்தை எடுக்கும் முன்

வண்டி பழையது என்றால் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். தரையிலிருந்து அளக்கக் கூடாது; டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுத்துவிடும். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை, நான்கு மூலைகளிலும் அளக்க வேண்டும். அதே மாடலின் புதிய வண்டியில் இருக்க வேண்டிய அளவோடு ஒப்பிட்டால், தளர்ந்துபோன ஸ்பிரிங் எவ்வளவு தின்றிருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஒரு அங்குலம் வரை இறங்கிப்போன வண்டிகள் ஏராளம். அப்படிப்பட்ட வண்டிக்குப் புதிய ஒரிஜினல் ஸ்பிரிங் போட்டாலே ஒரு அங்குல ‘உயர்வு’ கிடைத்துவிடும். கோணம் எதுவும் மாறாது, வேறு பாகமும் வேண்டியதில்லை.

தளர்ந்த ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசர் வைப்பதைப் போல வீண் செலவு வேறில்லை. அச்சை அல்லது சக்கரத்தைப் பிடித்துநிறுத்தும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தால், பால் ஜாயின்ட் ஆடினால், முதல் பணம் அங்கேதான் போக வேண்டும். தேய்ந்த மூட்டுகளோடு முழு அச்சு வண்டியை உயர்த்தினால், குறிப்பிட்ட வேகத்தில் ஒரு குழியில் விழுந்து எழுந்ததும் ஸ்டியரிங் வெறிபிடித்தாற்போல இடவலமாக உதறத் தொடங்கும். வண்டியை முழுதாக நிறுத்தும்வரை அது அடங்காமலும் போகலாம்.

பாதையில் டயர் காற்றைக் குறைப்பது, வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரின் லிங்க்கைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு ஓட்டுவது, இந்த இரண்டும் ஏறத்தாழச் செலவில்லாமல் இழுவையைக் கூட்டும். தார்ச்சாலைக்குத் திரும்பும் முன் இரண்டையும் பழையபடி ஆக்கிவிட வேண்டும். இவற்றைச் செய்து பார்த்தபிறகும் வயிறு தட்டுகிறது என்றால் மேலே படியுங்கள்.

## ஸ்பேசர்

ஸ்பேசர் என்பது ஸ்பிரிங்கின் மேலோ கீழோ வைக்கும் வளையம். ஸ்பிரிங் அதேதான், அதன் கடினமும் அதேதான். அது உட்காரும் இடம் மட்டும் மாறுகிறது. எல்லாவற்றிலும் மலிவு இதுதான். சவாரியின் தன்மையும் பெரிதாக மாறாது.

முழு அச்சு, காயில் ஸ்பிரிங் வண்டியில் ஸ்பேசர் வைத்தால், பழைய ஷாக் நின்ற நிலையிலேயே கொஞ்சம் நீண்டுவிடுகிறது. 50 மி.மீ. ஸ்பேசர் என்றால், ஷாக் இருக்கும் இடத்தில் சக்கரம் கீழே தொங்கும் ஓட்டத்தில் ஏறக்குறைய அந்த 50 மி.மீ. போய்விட்டது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போதெல்லாம் அச்சின் எடையை ஷாக்கின் உள்முனை தாங்கும். ‘டக்’ என்ற ஒலி கேட்கும். சீல் சீக்கிரம் போகும். நீண்ட ஷாக் வாங்கினால் இது தீரும். ஆனால் ஷாக் வாங்குகிற பணத்தோடு ஸ்பிரிங்கின் விலையையும் சேர்த்துப் பார்த்தால், ஸ்பேசரால் மிச்சமானது எவ்வளவு என்று யோசிக்க வேண்டிவரும்.

தனிச் சஸ்பென்ஷன் வண்டிகளில் இரண்டு வகை உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக அமைந்த ஸ்ட்ரட்டின் தலைக்கும், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கும் நடுவில் வைப்பது ஒரு வகை. சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு ஆர்ம்கள் பிடிக்கும் இரட்டை ஆர்ம் அமைப்பில் ஸ்ட்ரட், கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருப்பதால், 25 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் ஏறத்தாழ 50 மி.மீ. உயர்வாக மாறும். மேல் ஆர்ம் இல்லாமல் ஸ்ட்ரட்டே சக்கரத்தை நேராகப் பிடிக்கும் மக்ஃபெர்சன் வகை வண்டியில் இந்தப் பெருக்கம் இல்லை. வைத்த அளவுதான் உயரும். இந்த ஸ்பேசர் ஸ்ட்ரட் முழுவதையும் கீழே தள்ளிவிடுவதால், சக்கரம் முன்னைவிட அதிகமாகத் தொங்கும். மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் உரசலாம், பால் ஜாயின்ட் அதன் எல்லையைத் தொடலாம், ஆக்சில் ஷாஃப்ட்டின் ரப்பர் உறை கிழியலாம். மேல்நோக்கி அடிவாங்கும்போது, சக்கரத்தின் ஓட்டத்தை நிறுத்தும் ரப்பர் தடையான பம்ப் ஸ்டாப்பைத் தொடும் முன்பே ஷாக் உள்ளே முட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

இன்னொரு வகை, ஸ்பிரிங்கின் இருக்கையில் வைத்து அதை முன்கூட்டியே அழுத்துவது. இதில் மொத்த ஓட்டம் மாறாது, தொங்கும் பங்கு மட்டும் குறையும். ஸ்பிரிங் இன்னும் இறுகி நிற்பதால் பெரிய அடியில் சுருள்கள் ஒன்றோடொன்று மோதலாம். மோதியிருந்தால் சுருள்களின் மேல் பெயின்ட் உரிந்து, பளபளப்பான கோடு தெரியும். கழற்றும்போது அதைத் தேடிப் பாருங்கள்.

ஸ்பேசர் சரியான தேர்வாகும் இடமும் இருக்கிறது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் நல்ல நிலையில் உள்ள, கூடுதல் எடை ஏற்றாத வண்டி. தேவை ஒரு அங்குலம். நோக்கம் ஒரு அளவு பெரிய டயர். ஓடுவது மண் சாலையும் மேடுபள்ளமும்தான், பாறைப் படிகள் இல்லை. அங்கே வண்டியை 25 முதல் 30 மி.மீ. உயர்த்தும் ஸ்பேசர் போட்டு, அலைன்மென்ட் பார்த்துவிட்டு நிம்மதியாக ஓட்டலாம். இரண்டு ஸ்பேசரை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

## கமான் பட்டை வண்டிகள்

பட்டை ஸ்பிரிங்கில் மலிவான வழிகள் மூன்று. பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீட்டலாம்: 50 மி.மீ. நீளமான ஷாக்கிள் போட்டால் உயர்வது அதில் பாதி, 25 மி.மீ. அளவுதான். அதோடு அச்சும் சற்றுச் சுழலும். முன் அச்சில், ஸ்டியரிங்கைத் தானாக நேராக்கும் காஸ்டர் கோணமும், பின் அச்சில், இன்ஜினின் விசையைக் கொண்டுவரும் ஷாஃப்ட்டின் கோணமும் மாறும். இரண்டாவது, கட்டில் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்ப்பது. நீளமான பட்டையைச் சேர்த்தால் எடை பரவலாக ஏறும். குட்டைப் பட்டை சேர்த்தால் அதன் முனை அழுத்தும் இடத்தில் மேல் பட்டை வளையும், சவாரி கட்டையாகும். எப்போதும் சுமை ஏற்றும் பிக்கப்பின் பின்புறத்துக்கு நீளப் பட்டை நல்ல தேர்வு. காலியாக ஓடும் வண்டிக்கு வேண்டாம்.

மூன்றாவது, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டை வைப்பது. பின்புறத்தில் சிறிய அளவில் இது ஏற்கத்தக்கது. பல பிக்கப்புகள் தொழிற்சாலையிலிருந்தே இப்படித்தான் வருகின்றன. உயரமான கட்டை வைத்தால் வேகம் எடுக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்ளும், பட்டை எஸ் வடிவில் நெளியும். முன் அச்சில் கட்டை வைக்கவே கூடாது. பிரேக் பிடிக்கும் விசை முழுவதும் அந்தக் கட்டையின் மேல் விழுகிறது. அது நழுவினால் ஸ்டியரிங் உங்கள் கையில் இல்லை.

இந்த மூன்றையும்விட, பல மெல்லிய பட்டைகள் கொண்ட புதிய கட்டு வாங்குவது நல்லது. விலை கூடும்தான். ஆனால் பழைய கட்டில் பட்டைகள் துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தால், வண்டியின் குலுக்கலுக்குப் பாதிக் காரணம் அதுவே. பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட்டைக் கழற்றினால் பழையதையே மீண்டும் போடாதீர்கள். ஒருமுறை இறுக்கும்போதே அது நீண்டு, மரை இழுபட்டிருக்கும். இரண்டாவது முறை சொன்ன அளவுக்கு இறுக்கினாலும் பிடி நிற்காது.

## டார்ஷன் பாரும் பாடி லிஃப்ட்டும்

முன்புறம் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்கும் டார்ஷன் பார் என்ற கம்பி உள்ள வண்டியில் ஒரு போல்ட்டை முறுக்கினால் போதும், உயர்ந்துவிடும்; ஒரு காசு செலவில்லை. பாரின் கடினம் இதனால் கூடுவதில்லை. ஆனாலும் சவாரி கட்டையாகிவிட்டதாகத் தோன்றுவதற்குக் காரணம், சக்கரம் கீழே தொங்க இடமில்லாமல் மேல் ஆர்ம் நிறுத்தத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பது. ஒரு அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டால் பழுதில்லை.

பாடி லிஃப்ட் என்பது சேசிஸுக்கும் மேற்கூட்டுக்கும் நடுவில் கட்டைகள் வைப்பது. தனிச் சேசிஸ் உள்ள வண்டிக்குத்தான் இது பொருந்தும். சஸ்பென்ஷனைத் தொடாததால் கோணம் எதுவும் மாறாது, ஓட்டமும் குறையாது. டயருக்கு இடம் மட்டும் கிடைக்கும். வயிறு இருந்த இடத்திலேயே இருக்கும். ரேடியேட்டர் ஃபேன் உறை, கியர் லீவர், ஸ்டியரிங் தண்டு, எரிபொருள் நிரப்பும் குழாய் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். தனிச் சஸ்பென்ஷன் வண்டியில் ஒரு அங்குல பாடி லிஃப்ட்டும் ஒன்றரை அங்குல ஸ்பிரிங் உயர்வும் சேர்ந்தது, மூன்று அங்குலம் உயர்த்தும் ஸ்ட்ரட் ஸ்பேசரைவிடப் பல மடங்கு ஆரோக்கியமானது.

## புதிய ஸ்பிரிங்கும் ஷாக்கும்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: 40 முதல் 50 மி.மீ. உயர்வு, எடைக்கேற்ற ஸ்பிரிங், அந்த உயரத்துக்கென்றே நீளம் கணக்கிட்ட ஷாக்.

ஸ்பிரிங் வாங்கும்போது உயரத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது எடைப் பிரிவை. நல்ல தயாரிப்பாளர்கள் ஒரே வண்டிக்குப் பல ஸ்பிரிங் வைத்திருப்பார்கள்: கூடுதல் எடை இல்லாதது, பம்பரும் வின்ச்சும் உள்ளது, எப்போதும் முந்நூறு கிலோ ஏற்றியது என்று. பின்னாளில் வின்ச் போடுவேன் என்று நினைத்துக் கடினமானதை இன்றே வாங்கினால், வண்டி சொன்ன உயரத்தைத் தாண்டி எழும்பி நிற்கும், சின்னக் கல்லுக்கும் துள்ளும், சக்கரம் தரையை விட்டு எழும்பும். இன்று வண்டியில் இருக்கும் எடைக்கு வாங்குங்கள். வின்ச் வாங்கும் நாளில் முன் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது அதிகச் செலவில்லை. கழற்றியதை வாங்க ஆளும் கிடைக்கும்.

ஷாக்கில் அடிப்படையாக இரண்டு வகை. இரட்டைக் குழாய் வகையில் எண்ணெயும் குறைந்த அழுத்த வாயுவும் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்கின்றன. விலை குறைவு. வெளிக் குழாயில் கல்பட்டு நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அலை அலையான மண் சாலையில் நெடுநேரம் ஓட்டினால் எண்ணெய் சூடேறி நுரைக்கும். நுரைத்தபின் ஷாக் இருந்தும் இல்லாததுபோல வண்டி மிதக்கும். ஒற்றைக் குழாய் வகையில், அதிக அழுத்தத்தில் உள்ள நைட்ரஜனை ஒரு மிதவைப் பிஸ்டன் எண்ணெயிலிருந்து பிரித்துவைக்கிறது. வெப்பம் நேராக வெளிச்சுவருக்கு வந்துவிடுவதால் நெடுந்தூரம் தாங்கும். குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும் என்பது அதன் குறை. ஓல்ட் மேன் எமுவின் நைட்ரோசார்ஜர் முதல் வகை, பில்ஸ்டைன் 5100 இரண்டாவது. இரண்டுமே நாள்பட்ட பெயருள்ளவை. ஆகவே எந்த வகை என்பதைத் தரத்தின் அடையாளமாகக் கொள்ள வேண்டாம், பாதையின் தன்மைக்கு எது ஒத்துவரும் என்றே பாருங்கள். வெளித்தொட்டி வைத்த ஷாக்குகள் அழகானவை, வேகமாக ஓட்டுபவர்களுக்குத் தேவையானவை. மெதுவாகப் பாறை ஏறுபவருக்கு அந்தக் கூடுதல் விலை திரும்பி வராது. பிரித்துப் பழுதுபார்க்கும் வகை என்றால், சீலும் எண்ணெயும் மாற்றும் செலவு குறிப்பிட்ட இடைவெளியில் வந்துகொண்டே இருக்கும்.

ஷாக்கின் நீளத்தை நீங்களே அளந்து வாங்கலாம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, அச்சை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் முழுதாக நசுங்கும் வரை தூக்கி, மேல் கண்ணிலிருந்து கீழ்க் கண் வரை அளவெடுங்கள். முழுதாகச் சுருங்கிய ஷாக் இதைவிடக் கொஞ்சமாவது குட்டையாக இருக்க வேண்டும். பிறகு பிரேக் ஹோஸ் இழுபடும் நிலை வருவதற்கு முன்புவரை அச்சை இறக்கி மறுபடி அளந்து பாருங்கள். முழுதாக நீட்டிய ஷாக் இதைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால், வேறு மாடலுக்கென்று விற்கப்படும் மலிவான ஷாக் உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்பதைக்கூட நீங்களே சொல்லிவிடலாம்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது, எதை முதலில் வாங்குவது? பொறுத்திருந்து இரண்டையும் ஒன்றாக வாங்குங்கள் என்பேன். நீண்ட ஷாக்கைப் பழைய ஸ்பிரிங்கோடு போட்டால், பெரிய அடியில் பம்ப் ஸ்டாப்புக்கு முன் ஷாக் முட்டி உடையலாம். உயர்ந்த ஸ்பிரிங்கைப் பழைய ஷாக்கோடு போட்டால், ஸ்பேசர் பகுதியில் சொன்ன அதே துன்பம். தனிச் சஸ்பென்ஷனில் ஸ்ட்ரட்டை இறக்கிப் பிரிக்கும் கூலியும் அலைன்மென்ட்டும் இரண்டு முறை ஆகும். காத்திருக்க முடியாத அளவுக்கு ஷாக் ஒழுகுகிறது என்றால், பழைய உயரத்துக்கான சாதாரண ஷாக்கைப் போட்டுக்கொண்டு பணம் சேர்க்கலாம்.

## மூன்று அங்குலத்துக்கு மேல்

இங்கே வந்ததும் ‘குறைந்த செலவு’ என்ற சொல்லை விட்டுவிட வேண்டியதுதான். 1997 முதல் 2006 வரையிலான ஜீப் ரேங்ளர் டிஜேயின் பின் புரொப்பல்லர் ஷாஃப்ட் மிகக் குட்டை. மூன்று அங்குலத்தைத் தாண்டி உயர்த்தினால் அதன் மூட்டான கிராஸ் ஜாயின்ட்டின் கோணம் கூடி வண்டி அதிரும். விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸைச் சற்றுக் கீழிறக்க வேண்டும். அது பிடிக்கவில்லை என்றால் அதன் பின்பகுதியையும் ஷாஃப்ட்டையும் மாற்ற வேண்டும். முதல் வழி மலிவு, ஆனால் உயர்த்திப் பெற்ற வயிற்று இடைவெளியில் கொஞ்சத்தைத் திருப்பிக் கேட்கும்.

தனிச் சஸ்பென்ஷன் வண்டியில் இந்த உயரத்துக்கு டிஃபரன்ஷியலையும் கீழ் ஆர்ம்களையும் சேர்த்துக் கீழிறக்கும் கிட் வேண்டும். வெட்டு, வெல்டிங் எல்லாம் வரலாம். 35 அங்குல டயர்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவருக்கு இது தவிர்க்க முடியாத வழி. மற்றவர்கள் மட்கார்டின் உள்விளிம்பையும் பம்பரின் மூலையையும் வெட்டிச் சீராக்கினால், உயர்த்தாமலேயே ஒரு அளவு பெரிய டயர் உட்கார்ந்துவிடும். வண்டியின் ஈர்ப்பு மையமும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

## பழைய பாகங்கள்

உயர்த்துபவர்கள் கழற்றிப்போடும் ஒரிஜினல் ஸ்பிரிங்குகள் நல்ல சரக்கு. அதே மாடலில் எடை கூடிய வகை எது என்று பாருங்கள்: பெட்ரோல் வண்டிக்கு டீசல் வண்டியின் முன் ஸ்பிரிங், இரண்டு கதவு வண்டிக்கு நான்கு கதவு வண்டியின் ஸ்பிரிங். அதிகம் ஓடாத வண்டியிலிருந்து வந்தவை என்றால், மிகக் குறைந்த விலையில் சிறிய உயர்வும் கூடுதல் தாங்குதிறனும் கிடைக்கும். இடது, வலது இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரத்தைப் பாருங்கள். சில வண்டிகளில் தொழிற்சாலையே இரண்டுக்கும் வேறு அளவு வைத்திருக்கும். அதை விசாரித்துக்கொண்டு வாங்குங்கள்.

பழைய ஷாக் வேண்டாம். ஒழுகல் கண்ணுக்குத் தெரியும். வலுவிழந்த வால்வு தெரியாது. பழைய பால் ஜாயின்ட், பழைய யூ போல்ட் ஆகியவற்றைத் தொடவே தொடாதீர்கள்.

## பட்டியலில் வராத செலவுகள்

வண்டிக்கு வண்டி மாறும் என்றாலும் பொதுவாக எதிர்பார்க்க வேண்டியவை இவை:

| உயர்வு | முன்புறம் முழு அச்சு | முன்புறம் தனிச் சஸ்பென்ஷன் |
|---|---|---|
| 25 மி.மீ. வரை | அலைன்மென்ட், முகப்பு விளக்கின் கோணம் | அலைன்மென்ட், முகப்பு விளக்கின் கோணம் |
| 50 மி.மீ. | நீண்ட ஷாக், பம்ப் ஸ்டாப் நீட்டிப்பு, காஸ்டர் திருத்தம், பிரேக் ஹோஸ் சோதனை | நீண்ட ஷாக். அலைன்மென்ட் எல்லைக்குள் வராவிட்டால் மேல் ஆர்ம் |
| 75 மி.மீ. | சரிசெய்யும் பன்ஹார்ட் ராடு, நீண்ட பிரேக் ஹோஸ், ஆன்டி ரோல் பார் லிங்க், ஷாஃப்ட் கோணம் | மேல் ஆர்ம், டிஃபரன்ஷியலைக் கீழிறக்கும் பிராக்கெட், ஷாஃப்ட் உறை |
| 100 மி.மீ.க்கு மேல் | கன்ட்ரோல் ஆர்ம், ஸ்டியரிங் இணைப்புகள், புதிய ஷாஃப்ட் | முழுக் கீழிறக்க கிட், வெல்டிங் |

இதில் காஸ்டர் திருத்தத்தைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். முன் அச்சை நீளவாக்கில் சேசிஸோடு இணைக்கும் ரேடியஸ் ஆர்ம் உள்ள ஜிம்னி, லேண்ட் குரூசர் 80 போன்ற வண்டிகளில் 50 மி.மீ. உயர்த்தினால் முன் அச்சு இரண்டு மூன்று டிகிரி வரை முன்னோக்கிச் சுழன்றுவிடும். திருப்பத்தை முடித்தபின் ஸ்டியரிங் தானாக நேராகாது; நேர்ச்சாலையில் வண்டி அலையும். ஆர்மின் புஷ்ஷை மாற்றி, துளை ஓரமாக அமைந்த திருத்த புஷ் போடுவது மலிவான வழி. கிட் விலையோடு இதையும் சேர்த்தே எண்ணுங்கள்.

அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடித்துநிற்கும் பன்ஹார்ட் ராடின் கதையும் இதுபோன்றதே. வண்டி உயர்ந்ததும் அது அச்சை ஒரு பக்கமாக இழுக்கும். 50 மி.மீ.யில் சில மி.மீ. நகர்ந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பன்ஹார்ட் ராடும் ஸ்டியரிங்கின் இழுகம்பியும் எப்போதும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் பிராக்கெட் வைத்து இறக்கினால், குழியில் விழும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாகத் திரும்பும்.

சில வண்டிகளில் பின் அச்சையும் சேசிஸையும் இணைக்கும் சிறிய கம்பி ஒன்று பின் பிரேக்கின் அழுத்தத்தைச் சுமைக்கேற்ப மாற்றும். வண்டியை உயர்த்தியதும் அது, வண்டி காலியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அந்தக் கம்பியின் பிராக்கெட்டை உயர்த்திய அளவுக்குச் சரிசெய்வது சின்ன வேலைதான். அதைச் செய்யாமல் ஓடும் வண்டிகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

பெரிய டயரோடு வேகமானியும் பொய் சொல்லும். மேலே சொன்ன ஜிம்னி டயரில் முள் 60 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 63.5-இல் போகும். பதிவுச் சட்டம் உயரத்துக்கு வரம்பு வைத்திருக்கிறதா, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பதைப் பாகம் வாங்கும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

## யாருக்கு எது

வண்டி பழையது, ஸ்பிரிங் இறங்கியிருக்கிறது, பணம் மிகக் குறைவு என்றால்: புதிய ஒரிஜினல் ஸ்பிரிங் அல்லது எடை கூடிய வகையின் கழற்றிய ஸ்பிரிங், சாதாரணப் புதிய ஷாக், புஷ் மாற்றம். இதுவே வண்டியை ஆளே மாற்றிவிடும்.

வண்டி புதியது, எடை ஏற்றவில்லை, டயர் மட்டும் ஒரு அளவு பெரிதாக வேண்டும் என்றால் 25 மி.மீ. உயர்த்தும் ஸ்பேசர். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஷாக் தேய்ந்ததும் அதை எடுத்துவிட்டு முழுதாக மாற்றலாம்.

பம்பரும் வின்ச்சும் இருக்கின்றன, நெடும்பயணம் போகிறீர்கள் என்றால் ஸ்பேசரை நினைக்கவே வேண்டாம். எடைப் பிரிவு பார்த்து ஸ்பிரிங், நல்ல ஷாக், காஸ்டர் திருத்தம். முன்புறம் மட்டும் எடை கூடியிருந்தால் முன் ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக்கி, பின்புறத்துக்கு அதே உயரத்தில் மென்மையானதைத் தேர்ந்தெடுங்கள். நான்கு மூலைக்கும் ஒரே கிட் என்று கட்டாயமில்லை.

பாறை ஏறுவதே விருப்பம் என்றால் உயரத்தை 50 மி.மீ.யோடு நிறுத்தி, மிச்சப் பணத்தை டயர், வயிற்றுக் கவசத் தகடு, கழற்றக்கூடிய ஆன்டி ரோல் பார் லிங்க் ஆகியவற்றில் போடுங்கள். கிட்டத்தட்ட எல்லா முழு அச்சு வண்டிகளுக்கும் இந்தக் கூட்டணிதான் என் முதல் தேர்வு.

## பொருத்தும் நாளில்

ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிப்பதை நல்ல கருவி இல்லாமல் வீட்டில் செய்ய வேண்டாம். அழுத்திவைத்த ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து. அந்த வேலையை மட்டும் பட்டறையில் கொடுத்துவிட்டு, மற்றதை நீங்களே செய்தாலும் கூலி கணிசமாக மிச்சமாகும்.

கன்ட்ரோல் ஆர்ம், ரேடியஸ் ஆர்ம், கமான் பட்டை எதுவானாலும், புஷ்களின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. கையால் மட்டும் முடுக்கிவிட்டு, வண்டியை நான்கு சக்கரத்திலும் இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, பம்பரை அழுத்தி ஆட்டி, அது தன் உயரத்தில் அமர்ந்தபிறகு, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருக்கும். புதிய புஷ் சில மாதங்களில் கிழிவதற்கும், வண்டி சொன்ன உயரத்துக்கு இறங்காமல் நிற்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஷாக்கின் பளபளப்பான தண்டு வெளியே தெரியும் வகை என்றால், அதில் வயர் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்றை இறுக்காமல் சுற்றி, கீழே ஷாக்கின் உடலோடு ஒட்டித் தள்ளிவிடுங்கள். பழக்கமான கரட்டுப் பாதையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். டை தண்டின் உச்சியில் போய் நசுங்கியிருந்தால் பம்ப் ஸ்டாப்பை இன்னும் நீட்ட வேண்டும். பாதியிலேயே நின்றிருந்தால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு அதிகக் கடினம். உச்சிக்குச் சற்று முன்பு நின்றிருந்தால் பொருத்தம் சரி.

முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் யூ போல்ட் உட்பட எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் வைத்துப் பார்க்க வேண்டும். புதிய ஸ்பிரிங் சில மி.மீ. அமர்ந்திருக்கும், அலைன்மென்ட்டை அதற்குப் பிறகு எடுத்தால் ஒரு முறையோடு முடியும்.